பிரிக்காத மடிப்பு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் சட்டைக் காலர் தைத்தவள் அவள். கை நிறையச் சம்பளம் வந்த காலத்தில் தன் அம்மாவின் சிக்கனத்தைப் பார்த்து அடித்த கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா, தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டி முழு சோப்பாக்குவாள். பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் கீழே இரண்டு மடிப்பு உள்ளே விட்டுத் தைப்பாள். வருஷா வருஷம் பிள்ளையை ஸ்டூல்மேல் ஏற்றிப் பார்த்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று வருஷம் ஓடும். அது அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொல்லித்தந்த வழி. "நீ செத்துப்போனா உன்னையும் ரெண்டா மடிச்சுத்தான் வைக்கணும்" என்று வாய் கூசாமல் சொன்னாள் இந்த மகாராணி. அம்மா சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

பிறகு தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. லாரி ஓட்டும் கணவனுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வண்டி. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் உயிரோடு இல்லை. கேலி செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து இழுத்துப்போட்டுத் தானே கற்றுக்கொண்டாள். சோப்பை உருட்டினாள். கிழிந்த போர்வையைத் தலையணை உறையாக்கினாள். எட்டு வயது மகளின் பள்ளிப் பாவாடைக்கு இரண்டல்ல, மூன்று மடிப்பு விட்டாள். அம்மாவையே மிஞ்சிவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

முதல் வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்தாள். அடுத்த வருஷம் பள்ளி திறக்கும் முன் மகளை ஸ்டூல்மேல் நிற்கவைத்துப் பார்த்தால், பாவாடை முழங்காலுக்குக் கீழே போன வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. வேறொருத்திக்கு என்றால் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். இவளுக்கோ மனசு குளிர்ந்தது. என்னத்தைச் சொல்ல!

"எங்க வீட்டுக் கஷ்டம் தெரிஞ்சு நடக்கற பொண்ணு. பாவாடையும் பிரிக்க வேண்டியதில்ல, செருப்புகூட அதே அளவுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மகளும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காது, ஓடி ஆடாது, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடும். சமத்துப் பிள்ளை என்றுதான் நினைத்தாள் பாவி.

விளையாட்டு டீச்சர்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "வரிசையில நடுவுல நின்னவ இப்ப முதல் ஆளா நிக்கிறா. வகுப்புலயும் தூங்கி விழறா. டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா."

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலம்மா. தினமும் மாத்திரை போட்டா உடம்பு தேறிடும், வளரவும் ஆரம்பிப்பா. ஆனா விட்டுப்போன உயரம் முழுசாக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம். எப்ப இருந்து வளரலன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் காலையில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று சந்தோஷப்பட்டாள் என்பதுவரை தெரியும். "ரெண்டு வருஷம்" என்று சொல்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. தன் அம்மா அந்தக் காலத்தில் மடிப்புக்காகவா பிள்ளைகளை ஸ்டூலில் ஏற்றினாள், பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே ஏற்றினாள் என்பது இத்தனை நாள் கழித்து இப்போதுதான் உறைத்தது.

மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கை சில்லென்றிருந்தது.

"இதைப் போட்டா நான் வளந்துடுவேனாம்மா?"

"வளருவ தங்கம். நல்லா வளருவ."

மகள் அம்மாவைச் சமாதானப்படுத்துவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு முன்ன மாதிரி தினமும் வண்டி கிடைக்கட்டும்மா. அதுக்கப்புறம் வளந்துக்கறேன்."