மாணிக்கம்மாள் திருப்பி வைத்த கதவுகள்

1998-ஆம் வருஷம், தவக்காலம். நெய்வேலி டவுன்ஷிப்பில் சிஸ்டர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில், ஐந்து மாதக் கர்ப்பிணியான தவமணியின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள். வெளியே இருந்த கக்கூசுக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் நின்றார்கள். அவள் குப்பியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தூணோரம் அரைமணி நேரம் நின்றாள்.

ஆஸ்பத்திரி ஆயா மாணிக்கம்மாள் அதைப் பார்த்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நர்சுகளின் குளியலறைக்குள் விட்டாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உள்ளே நடப்பது யார் காதிலும் விழாதபடி, பக்கத்துக் குழாயடியில் வெறும் வாளியை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்த வாளிச் சத்தத்தை தவமணி கடைசிவரை மறக்கவில்லை.

தவமணி மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். டவுன்ஷிப்புக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டியிருந்த அகதி முகாமில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பத்தடி அறை ஒன்று. முகாமுக்கு அடுத்த காலனிதான் மாணிக்கம்மாளின் ஊர். பிறத்தியார் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கி வளர்ந்தவள். கான்ட்ராக்டில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகியும் பெர்மனென்ட் ஆகாதவள். ஆனாலும் டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வாள்.

டாக்டரம்மா அன்று சொன்னது இதுதான். "சிறுநீர்ல கிருமி இருக்கு. அதான் காய்ச்சல். மாத்திரை மட்டும் போதாது. நிறையத் தண்ணி குடிக்கணும். இல்லன்னா பிள்ளை முன்னாடியே பிறந்துடும்."

தவமணிக்கு ஏற்கனவே ஒரு பிள்ளை ஏழாம் மாதம் பிறந்து, ஒரு நாள்கூட நிற்காமல் போயிருந்தது.

அன்றிலிருந்து மாணிக்கம்மாள் வேலை முடிந்து போகும்போதெல்லாம் முகாமுக்குள் எட்டிப் பார்ப்பாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் பாட்டில் காலியாக இருக்கும்.

"குடிச்சியா?"

"ஓம் அக்கா."

இப்படியே பத்து நாள் போயிற்று. ஆனால் காய்ச்சல் விடவில்லை. ஒரு சாயங்காலம் மாணிக்கம்மாள் வாசலில் குந்தினாள். பங்குனி வெயிலில் முகாமே வாடிக்கிடக்க, தவமணி வாசலில் இருந்த கத்தரிச்செடி மட்டும் தளதளவென்று நின்றது.

"ஏம்மா, புள்ளைக்குக் குடுத்த தண்ணிய செடிக்கு ஊத்திகினு இருந்தியா? கத்தரிக்காய்க்கா பேறுகாலம்?"

தவமணி சிரிக்கப்போய் அழுதுவிட்டாள். "குடிச்சா போக வேணுமே அக்கா. பகலில எங்க போறது? பொழுதுபட்டாத்தான் தோப்புக்குப் போகலாம்."

"அதான் எட்டு கக்கூசு கட்டிக் குடுத்திருக்காங்களே! அதுல வெறகு அடுக்கி வச்சிகினு, புள்ளத்தாச்சி தோப்புக்குப் போறாளாம்!"

"அதுக்குள்ள எப்பிடி அக்கா போறது? கதவெல்லாம் மாதாவைப் பார்த்தெல்லோ இருக்கு."

மாணிக்கம்மாள் எழுந்து போய்ப் பார்த்தாள். முகாம் சனங்கள் கல்லும் மண்ணும் சுமந்து குகைபோலக் கட்டிய மாதா கெபி அங்கே இருந்தது. நேர் எதிரே கக்கூசு வரிசை. எட்டுக் கதவும் மாதாவின் முகத்துக்கு நேரே. கட்டிக்கொடுத்த தொண்டுச் சங்கத்தார் ஆண்களிடம் மட்டும் இடம் கேட்டுவிட்டுக் கட்டிவிட்டார்கள். பிறகு வந்து விறகைப் பார்த்து, இவர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாணிக்கம்மாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "எங்க மாரியாத்தா வாசல்ல கட்டியிருந்தா நான் மட்டும் வாளியத் தூக்கிகினு போயிருப்பனா?"

அதில் நாலு கக்கூசு காலனிக்காரர்களுக்கு என்று கட்டியது. அவர்களும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள்தான். அதனால் அவர்களும் போகவில்லை.

முகாமில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் சூசை மூப்பரிடம் போய்க் கேட்டாள். "ஐயா, மாதாவக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வச்சிக்கலாமாங்க?"

மூப்பர் கும்பிட்டார். "அவ தெற்கைப் பார்த்து நிக்கிறா பிள்ளை. எங்கட ஊர்ப்பக்கம். எங்கட சனத்தை அவதான் பார்த்துக்கொண்டு நிக்கிறா. திருப்பச் சொல்லாதேங்கோ."

"சரிங்க. அவங்க நிக்கட்டும். கதவு திரும்பட்டும்."

அவள் தம்பி மருதாசலம் குவார்ட்டர்ஸ் ரிப்பேர் வேலை செய்யும் கொத்தனார். கேட்டதும் பதறினான். "கட்டி மூணு மாசங்கூட ஆவலக்கா. இடிச்சோம்னு கேஸு குடுத்தா உள்ள போவறது யாரு?"

"நானே போறன். அங்கனாச்சும் கக்கூசு ஒழுங்கா இருக்கும்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. முகாம் ஆண்களும் காலனி ஆண்களும் சேர்ந்து பின்சுவரை உடைத்துத் தோப்புப் பக்கம் வாசல் வைத்தார்கள். முன்வாசலைச் செங்கல்லால் அடைத்தார்கள். பெண்கள் முறை வைத்து அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்து, கக்கூசோரம் வைத்த டிரம்மை நிரப்பினார்கள். சங்கத்து ஐயா ஒருவர் ஜீப்பில் வந்து குதித்தார். யாரைக் கேட்டு இடித்தீர்கள் என்றார்.

"பொம்பளைங்களக் கேட்டுங்க," என்றாள் மாணிக்கம்மாள்.

வாளியோடு வந்துகொண்டிருந்த பெண்களை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு டிரம்முக்கு மூடி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அனுப்பவும் செய்தார்.

அன்று நடுப்பகலில் தவமணி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மாணிக்கம்மாள் எதிரே உட்கார்ந்து அவள் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு செம்பு மொண்டு நீட்டினாள்.

காய்ச்சல் விட்டது. மாதாவின் கிருபையால் ஆடியில், நிறைமாதத்தில், பெண்பிள்ளை பிறந்தது. டெய்சி என்று பெயர் வைத்தார்கள். குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியது மாணிக்கம்மாள்தான்.

சண்டை ஓய்ந்து, 2003-இல் சில குடும்பங்கள் ஊர் திரும்பப் பெயர் கொடுத்தன. தவமணியின் குடும்பமும் அதில் ஒன்று. வேன் வந்த காலையில் மாணிக்கம்மாள் டியூட்டிப் புடவையோடு ஓடிவந்தாள். ஐந்து வயது டெய்சியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கவே மனசில்லாமல் நின்றாள். வேனுக்குள் இருந்த பெண்கள், தூரப் பயணம் என்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கம்மாள் அவர்கள் உதடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தொண்டையக் காயப் போட்டுகினு போவாத தவமணி. குடி. வண்டிய நிறுத்தச் சொல்லு. நீ ஒருத்தி வாயத் தொறந்து கேட்டா, இவளுங்க எல்லாரும் எறங்குவாளுங்க."