தலைகீழாகப் படித்த அத்தியாயம்

எதிர்வீட்டுப் பெண் காரைக்குடியில் எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்கிறாள். போன வாரம் ஏதோ சந்தேகம் கேட்க வந்தவள், கையிலிருந்த புத்தகத்தை என் மேஜை மேல் வைத்தாள். மருமகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை அந்தப் புத்தகத்தின் மேலேயே வைத்தாள். எடுத்தபோது அட்டையில் ஈரமாக ஒரு வட்டம். அவள் ஒன்றும் கலங்கவில்லை. தாவணித் தலைப்பால் ஒரு துடை, தீர்ந்தது. நான்தான் பதறிப்போய்க் கண்ணாடியைத் தேடினேன்.

கண்ணாடி மாட்டிப் பார்த்தால், என் இளவயதில் நான் தேடி அலைந்த அதே புத்தகம். கலப்பெண் சார்புகளைப் பற்றிய அதே தடித்த ஆங்கிலப் புத்தகம். இப்போது மெல்லிய அட்டையும் பழுப்புக் காகிதமுமாக மலிவுப் பதிப்பு வந்திருக்கிறது. "கிளாஸ்ல ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம் தாத்தா" என்றாள். ஆளுக்கு ஒன்றாம். அவள் போன பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அந்தப் புத்தகத்தை ஒரு முழுநாள் பார்ப்பதற்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் அவள் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

நான் முதலில் பார்த்த பிரதி கருநீலக் காலிகோத் துணி அட்டை போட்டது. முதுகில் தங்க எழுத்து. முகர்ந்தால் பிரிக்காத புது வேட்டியின் கஞ்சி வாசனை அடிக்கும். புத்தகத்தை முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கணக்குப் புத்தகத்துக்கும் கதைப் புத்தகத்துக்கும் வாசனை வேறு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஊருக்கு ரயில் வந்த புதிது அது. சாக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் வீடு. அண்ணனும் ஐயாவும் வயல் பார்க்க, நான் மட்டும் பி.ஏ. முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தினமும் சைக்கிள் மிதி. எம்.ஏ. பரீட்சையைத் தனியாக எழுதிக்கொள்ள அனுமதி வாங்கி ஒரு தடவை எழுதியும் பார்த்து, ஒரே ஒரு பேப்பரில் கோட்டை விட்டிருந்தேன். அந்தப் பேப்பரிலும் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு அத்தியாயம்தான்; அதைத் தெளிவாகச் சொல்லும் இந்தப் புத்தகம் கிடைக்காமல், யார் யாருடைய நோட்டையோ வைத்துத்தான் படித்திருந்தேன். பட்டம் கையில் இருந்தால் மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கச் சைக்கிள் மிதி.

ஐயாவுக்கு என் படிப்பில் நம்பிக்கை போயிருந்தது. அதற்குக் காரணம் நானே. ஒரு நாள் உற்சாகத்தில், மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் கிடையாது, ஆனாலும் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் படிக்கிறோம் என்று அவருக்கு விளக்கிவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இல்லாத ஒண்ணப் பத்தியாப்பா ரெண்டு வருசமாப் படிக்கிற?" என்றார். இன்னொரு தடவை எழுதிப் பார், அதற்கு மேல் கிடையாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பூசை விடுமுறைக்குக் கோவிலூரில் தம் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் இந்தப் புத்தகம் சொந்தமாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடினேன். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் வேறு பிரதி கிடையாது. அவர் நல்ல மனிதர். நாளை மறுநாள் பதினோரு மணி வண்டியில் ஊர் திரும்புகிறேன், அதற்குள் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரை நம்பாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்தவன் நேரே அந்த அத்தியாயத்தைத் திறந்திருக்க வேண்டாமா? முதலிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கங்களை, தெரிகிறதே என்ற சந்தோஷத்தில், இருட்டும் வரை படித்து மகிழ்ந்தேன். தெரியாத அத்தியாயத்தில் ஒரு பனையோலை நறுக்கை அடையாளமாகச் செருகி, நாளைக்குப் பகல் முழுக்க இருக்கிறதே என்று வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட புத்திசாலிக்குப் பரீட்சை தவறாமல் என்ன செய்யும்?

மறுநாள் சரஸ்வதி பூசை. எனக்கு அது நினைவே இல்லை. ஊருணியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜை காலி. வீட்டிலிருந்த காகிதம் அத்தனையையும் ஆத்தா வாரிக்கொண்டு போய் சாமி அறையில் அடுக்கியிருந்தாள். பஞ்சாங்கம், நிலப் பத்திரம், நான் திருத்த வைத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள், அவற்றின் மேல் அந்தக் கருநீலப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் அண்ணனின் அரிவாளும் மண்வெட்டியும். எல்லாவற்றுக்கும் சமமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். காலிகோ அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு ஈரமாக இருந்தது.

பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலையில் மறுபடி பூசை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. மறுநாள் எடுத்த கையோடு ஸ்டேஷனுக்கு ஓடத்தான் நேரம் இருக்கும். நான் கெஞ்சினேன், இரவல் புத்தகம் என்றேன், பரீட்சை என்றேன். ஆத்தா குரலைக்கூட உயர்த்தவில்லை. "போன வருசம் பூசையன்னைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சேல்ல. என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள். போன வருஷம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து படித்தது உண்மை. தவறியதும் உண்மை. கணக்கு எம்.ஏ. எழுதுகிறவனுக்கு இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கத் தெரியவில்லை.

சாமி அறை வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வள்ளிக்கண்ணு கண்டரமாணிக்கத்துப் பெண். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆங்கிலம் தெரியாது. பெரியவர்கள் இருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் அப்போது கிடையாது. விளக்கு அணையாமல், பூனை பொரியில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்பி, வெகு சாதுவாக ஆத்தாவிடம் கேட்டாள்:

"அத்தை, பொஸ்தகத்த மூடியே வச்சிருந்தா சாமி எப்படிப் படிக்கும்? தெறந்து வைக்கட்டா?"

ஆத்தா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். சாமி காரியத்தில் நியாயமான கேள்வி வந்தால் பதில் சொல்லியாக வேண்டுமல்லவா? சரி, தெறந்து வையி என்றாள். வள்ளிக்கண்ணு ஓலை நறுக்கு இருந்த இடத்தைப் பிரித்து, படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தாள். சாமிக்கு நேராக வைத்தால் எதிரே இருக்கிற எனக்குத் தலைகீழாகத்தானே தெரியும். அதனால் என்ன? மேஜைக்கு எதிர்ப்புறம் நின்று பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து, வாத்தியார்களுக்குத் தலைகீழாகப் படிப்பது நன்றாகவே வரும். அறையும் சின்னது. பலகை வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. கண்ணும் அப்போது இளங்கண்.

முதல் இரண்டு பக்கம் முடிந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. பக்கத்தைத் திருப்ப வேண்டும். நான் தொடக் கூடாது, அவளிடம் வாய் திறந்து சொல்லவும் முடியாது. தொண்டையைச் செருமினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பூத்தட்டை நகர்த்துகிறவள் மாதிரி எழுந்து ஒரு தாளைத் திருப்பினாள். அப்படியே செருமிச் செருமிப் பத்துப் பக்கம் ஓடியது. ஆத்தா சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றாள். குடித்தேன். இரண்டாம் டம்ளரும் வந்தது. அதற்குப் பிறகு செருமலே தேவைப்படவில்லை. என் கண் கடைசி வரிக்கு வருவதைப் பார்த்து அவளே திருப்ப ஆரம்பித்துவிட்டாள். சில இடத்தில் நான் விழி பிதுங்கி நிற்பேன், அவளும் தாளைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருப்பாள்.

அதுவரை நான் கணக்கைக் கையால்தான் படித்திருந்தேன். பென்சில் ஓடும், மனசு எங்கேயோ மேயும். அன்றைக்குக் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஒரு வரியை மனசில் ஏற்றி, அதை நழுவ விடாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: ஒரு வளையம் போடுகிறோம், உள்ளே ஒரு புள்ளியில் கணக்கு வெடித்துப்போகிறது, அந்த இடத்தைக் கிட்ட நெருங்கவே முடியாது. ஆனால் எட்ட நின்று வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், உள்ளே இருப்பதன் மதிப்பு தானாகத் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக எழுதி எழுதிப் பிடிபடாதது, பகல் மூன்று மணிவாக்கில், தலைகீழாக, கையில் பென்சில் இல்லாமல் பிடிபட்டது.

பொழுது சாயும்போது ஆத்தா அந்தப் பக்கமாகப் போனாள். காலையில் புத்தகம் எங்கே திறந்திருந்தது, இப்போது எங்கே திறந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தாள். "சாமி வெரசாத்தான் படிக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள். எவ்வளவு தெரிந்து சொன்னாள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பூசை முடிந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடி வழியாகச் சைக்கிளை உருட்டினேன். அங்கே வள்ளிக்கண்ணு தனியாக இருந்தாள். அந்தப் பக்கங்களில் வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்த படம் இருந்ததே, அது என்ன என்று கேட்டாள். அவசரத்தில், மேலே சொன்னதை அப்படியே சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ள போகாமயே, சுத்தி வந்தே உள்ள இருக்குறதத் தெரிஞ்சுக்கிறதா? இதுக்கா இம்புட்டுக் கஷ்டப்படுறீக? இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து நான் அதத்தான செய்யிறேன்."

சைக்கிளில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வேறு கவலை. பொட்டை அழிக்கிறேன் என்று காலையில் தேங்காய் எண்ணெய் தடவியதில் அது உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. ஸ்டேஷனில் ஆசிரியர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விஷயத்தை உளறிக் கொட்டினேன். அவர் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பரவாயில்ல, இனிமேயாச்சும் என் பசங்களுக்குப் புரியும்" என்றார். அவருக்கும் நான் கடன்பட்டவன்.

பரீட்சையில் அந்த அத்தியாயத்திலிருந்து இரண்டு கேள்வி வந்தது. எழுதும்போது ஒவ்வொரு வரியும் தலைகீழாகக் கண்ணில் நின்றது. நிமிர்த்தி நிமிர்த்தி எழுதினேன். தேறினேன், மதுரையில் வேலையும் கிடைத்தது. புள்ளை இந்த வருஷம் பூசையன்றைக்குப் புத்தகத்தைக் கையால் தொடவில்லை, அதனால்தான் பாஸானான் என்று ஆத்தா ஊர் முழுக்கச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வள்ளிக்கண்ணு சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

முப்பது வருஷம் அதே அத்தியாயத்தைப் பாடம் நடத்தினேன். வருஷா வருஷம் இந்தக் கதையையும் சொல்வேன். ஆனால் பக்கம் திருப்பியது 'என் நண்பர் ஒருவர்' என்றுதான் சொல்வேன். பெண்டாட்டி என்று சொல்ல வெட்கம். ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து, அந்த நண்பர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடுக்களை வாசலில் நின்றேன். வள்ளிக்கண்ணு மாவாட்டிக்கொண்டிருந்தாள். "என்ன, இப்படிப் பாக்குறீக?" என்றாள். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நம் பக்கத்தில் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறவன் யார்? காப்பி இருக்கா என்று கேட்டேன்.

ஐயாவும் ஆத்தாவும் போய் எவ்வளவோ காலமாகிறது. சாக்கோட்டை வீடு கைமாறி, சாமி அறை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் ரூம். வள்ளிக்கண்ணு போன மாசியில் போனாள். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குக் காலையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் எம்.ஏ. பட்டத்தில் சரிபாதி என் மனைவி வள்ளிக்கண்ணுவுடையது என்று ஒரு வரி எழுதினேன். எழுதியது திருப்தியாக இருந்தது. அவளிடம் படித்துக் காட்டலாம் என்று தாளை எடுத்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் போய்விட்டேன். மருமகள் நிமிர்ந்து, என்ன மாமா வேணும் என்று கேட்டாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.