மீண்டெழும் திறன் என்று நான் சொன்னது

“மீண்டெழும் திறன் இவர்களிடம் உண்டு” என்று சிங்களத்தில் சொன்னவள் நான்தான். கூட்டத்துப் பதாகையில் இருந்த சொல் அது. காலையிலிருந்து எல்லோரும் வாய்க்கு வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

தெரணியகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியை. மண்சரிவு பற்றிய செயலமர்வு நடத்தக் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ‘உங்கள் மொழியிலேயே பேசுங்கள், அது உங்கள் உரிமை’ என்றார் அதிகாரி. அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் எழுந்தார். என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா. மேட்டு லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவருடையது.

“எங்க வீட்டுச் செவுரு வெடிச்சு என் கை உள்ள நுழையுதுங்க. மழை பேஞ்சா புள்ளைங்கள கோயில்ல விட்டுட்டுத்தான் மலைக்குப் போறேன். எங்களுக்கு வேற எடம் எப்ப குடுப்பீங்க?”

நான் எழுந்து, இம்மக்கள் இடர்களைத் தாங்களே சமாளிக்கப் பழகியிருக்கிறார்கள், மீண்டெழும் திறன் இவர்களிடம் உண்டு, பாதுகாப்பான வாழ்விடம் பற்றிய எதிர்பார்ப்பும் இருக்கிறது என்றேன். அதிகாரி மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். கை தட்டினார்கள். அந்த ‘எப்ப’ எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் பேச்சுக்கு ஒரு மதிப்பு தேடிக் கொடுத்ததாகவே நினைத்தேன், அவ்வளவு அறிவு எனக்கு. ஒருவேளை இது வீட்டுப் பழக்கமாகவும் இருக்கலாம். அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், ஆட்கள் “ஒரு வாரமா தண்ணி இல்ல, சாகுறோம்” என்பார்கள். அப்பா துரையிடம் திரும்பி, “தண்ணி கொஞ்சம் கொறச்சலா இருக்குங்க தொர” என்பார். மேலே போகும் பேச்சின் முனையை மழுக்கித்தான் அனுப்பவேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தராமலே வந்த பாடம். அப்பாவுக்காவது வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்?

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நண்பகல் அந்தச் சுவர் விழுந்தது. பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்த அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்புவலி என்று வீட்டில் படுத்திருந்த கணவரின் கால் சுவருக்கு அடியில் போய்விட்டது. இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை.

அந்தக் குடும்பத்தைப் பாடசாலைக் கட்டடத்திலேயே தங்க வைத்தோம். நான் பாடம் நடத்தும் அறையில் அவர்களின் பாய் விரித்திருந்தது. மூன்று நாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன். நான்காம் நாள் நெஞ்சு பொறுக்கவில்லை. போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு நீங்க கேட்டத நான் அவங்ககிட்ட சரியா சொல்லல்லங்க.”

“தெரியும் டீச்சர். எனக்குத்தான் சிங்களம் வருமே.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சிங்களம் தெரியாதவர் யார்? கடைத்தெருவில் அவர் சிங்களத்தில் பேரம் பேசுவதை நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். தமிழில் பேசுவது உரிமை என்று சொன்னதால்தான் அன்று தமிழில் பேசினார். பேசிவிட்டு, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“அப்ப ஏங்க சும்மா இருந்தீங்க? எந்திரிச்சு நீங்களே சொல்லியிருக்கலாமே.”

அவர் கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை.

“நான் பேசினத விட நீங்க பேசினது நல்லா இருந்திச்சு டீச்சர். படிச்சவங்க இப்பிடிச் சொன்னாத்தான் எடம் குடுப்பாங்கன்னு நெனச்சேன்.”