ஐந்தருவி வளைவில் அணைந்த வண்டி

நின்றுபோன வண்டியைப் பழுது பார்க்கலாம். நிற்கவே மாட்டேன் என்று ஓடுகிற வண்டியை என்ன செய்வது? மேலகரத்தில் என் பட்டறை வாசலில் அந்தச் சிவப்புக் கார் சாரலில் நனைந்தபடி, பிசிறில்லாமல், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல ஓடிக்கொண்டிருந்தது.

கார்களின் இசிஎம் பெட்டியைப் பார்ப்பது என் தொழில். இன்ஜினுக்கு எப்போது பெட்ரோல், எப்போது பொறி என்று கணத்துக்குக் கணம் சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டி. அது கண் அசந்தால் வண்டி மொத்தமும் கண் மூடும்.

வண்டியைக் கொண்டுவந்தவள் மருமகள். கூடவே அவளுடைய மாமியார். மகன், இவள் கணவன், வளைகுடாவில் இருந்தான். மாமியார் பிரியாணி போட, மருமகள் அண்டாவைப் பின்னால் ஏற்றிக் குற்றாலத்து லாட்ஜுகளுக்குக் கொண்டுபோவாள். சீசன் முழுக்க அதுதான் பிழைப்பு. ஐந்தருவி ரோட்டு வளைவுகளில் வண்டி திடீரென்று அணைந்தது. ஒருநாள் பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. பம்ப் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள். மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை.

"அவளுக்குக் கிளட்ச்ச விடத் தெரியல, வண்டிய வித்திருங்க" என்று மகனிடமிருந்து போனில் தீர்ப்பு வந்துவிட்டது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு பாவூர்சத்திரத்திலிருந்து பழைய வண்டி வாங்குகிற ஆள் வருவான், வண்டியை எடுத்துக்கொள்வான்.

"அண்ணாச்சி, நா சரியாத்தான் ஓட்டுதேன்" என்றாள் மருமகள். பிறகு குரல் இறங்கி, "சரியாத்தானே ஓட்டுதேன்?"

ஸ்கேனரில் ஒரு கோளாறுக் குறியீடும் பதிவாகவில்லை. பெட்டிக்குச் சூடு காட்டினேன், வயரை ஆட்டினேன். நான் தனியாகக் குற்றாலம் வரை போய் வந்தேன். பிறகு அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தேன். அணையவில்லை. மேகம் மலையை விட்டு இறங்கி வந்து, ரோட்டைத் தொட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனது.

"என்னைய ஏத்தாமப் போனா எப்படி நிக்கும்?" என்றார் மாமியார், ஸ்டூலில் இருந்தபடியே. "எல்லா தடவையும் நானும்லா கூட இருந்தேன். எம் மூஞ்சிய பாத்தாத்தான் அதுக்கு நிக்கத் தோணும்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் இன்னும் சோதித்துப் பார்க்காதது அது ஒன்றுதான். மூவரும் ஏறினோம். பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று மாமியார் முன்னால் உட்கார்ந்தார். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால்.

ஐந்தருவி வளைவு. எதிரே வேன். "ஏட்டி, மெதுவா, மெதுவா, அவன் வாரான் பாரு" என்று கத்தாமல் பல்லைக் கடித்தபடி சொன்னார் மாமியார். வண்டி அணைந்தது. ஸ்டீயரிங் கல்லானது. பின்னால் ஹாரன்கள். மருமகள் சாவியைத் திருப்பினாள், பிடித்தது. அடுத்த வளைவு, மறுபடி அணைந்தது.

இரண்டாம் முறை நான் ஸ்கேனரைப் பார்க்கவில்லை. மாமியாரின் காலைப் பார்த்தேன். வளைவு வர வர, செருப்பைக் கழற்றிய இடது பாதம் டேஷ்போர்டுக்குக் கீழே மூலையைத் தேடிப் போய், இல்லாத பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்தது. அந்த வண்டியில், அந்த மூலையில், மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால்தான் இசிஎம் இருக்கிறது.

ஓரங்கட்டச் சொன்னேன். "ம்மா, நீங்க மிதிக்கிற இடத்துலதான் வண்டிக்கு உயிரு இருக்கு."

"எங் காலா?" அவர் பாதத்தைத் தூக்கி, சீட்டுக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டார், அது யாரோ ஒருவருடையதுபோல. "இம்புட்டு நாளும் இவளையில்லா ஏசிக்கிட்டு இருந்தேன்."

மருமகள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்கு வந்து பெட்டியைக் கழற்றினேன். திறக்க வேண்டும். பசையால் ஒட்டிய மூடி. சூடு குறைந்தால் வராது, கூடினால் உள்ளே வேகும். பிளேடு மயிரிழை பிசகினால் வண்டி குப்பை. பழைய பெட்டி வாங்கி மாட்டினாலும் அது இந்தச் சாவியை அடையாளம் காணாது. மூடி பாதி எழும்பியபோது வாசலில் பைக் நின்றது. பாவூர்சத்திரத்து ஆள்.

"மூளையத் தொறந்துட்டேரோ?" என்றான், உள்ளே எட்டிப் பார்த்து. "ஓடுனா எடுக்கேன் வே. ஓடலேன்னா எடைக்குத்தான்."

நான் நிமிரவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாது. மூடி வந்தது. லென்சுக்குக் கீழே, எர்த் கம்பி சேரும் முள்ளைச் சுற்றி, பற்றவைத்த ஈயத்தில் நகக்கீறல்போல ஒரு வட்ட விரிசல். அழுத்தினால் பிரியும். பிரிந்தால் பெட்டியே செத்துவிடும், செத்தது எதையும் எழுதி வைக்காது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிது விட்டேன். சாரல் ஈரம் உள்ளே தங்காமல் உலர்த்தி ஒட்டினேன். பெட்டிக்கு முன்னால் கனத்த இரும்புத் தகடு ஒன்றைத் திருகினேன்.

சாவியைத் திருப்பியதும் பிடித்தது. "இப்ப மிதிங்க" என்றேன். மாமியார் தயங்கினார். "மிதிச்சதும் அந்தானைக்கு நின்னுட்டா?" கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். ஓடியது. ஐந்தருவி வரை போனோம், எல்லா வளைவிலும் மிதித்தார். ஓடியது.

திரும்பி வந்ததும் அந்த ஆள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "சத்தமே கேக்கல. நா எடுத்துக்கிடுதேன். வண்டி மொதலாளிகிட்ட பேசியாச்சு." தானே வளைகுடாவுக்குப் போன் போட்டு மாமியாரிடம் நீட்டினான்.

"உம்மா, கொடுத்திரு" என்றது ஸ்பீக்கரில் மகன் குரல். "திரும்ப வளைவுல நின்னா யாரு பாக்கது?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். "ஓட்டுதவ கிட்ட கேளு" என்று போனை அவளிடம் தந்தார்.

"வண்டியில கோளாறு இருந்துச்சு. எங்கிட்ட இல்ல" என்றாள் அவள். "நாளைக்கு மூணு லாட்ஜுக்குச் சோறு போவணும். கொடுக்கதுக்கில்ல."

"உம்மா என்ன சொல்லுதா?" என்று கேட்டான் மகன்.

மாமியார் ஏற்கெனவே முன்சீட்டில் ஏறிக் கதவை அடைத்திருந்தார்.

போனைப் பாவூர்சத்திரத்து ஆளிடமே கொடுத்துவிட்டு மருமகள் வண்டியை எடுத்தாள். வாசலில் அவன் பைக் குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தாள். அவன் நகரவில்லை. மறுபடி, கையை எடுக்காமல் அடித்தாள். அவன் போய் பைக்கைத் தள்ளி வைத்தான்.