சாடிக்குள் நின்ற பைன் மரம்

இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாமாவோடு ஒரு பைன் கன்றும் வந்து சேர்ந்தது. மாமா அம்மாவின் தம்பி. இந்த நாட்டில் தங்க அகதிக் கேஸ் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர். விட்பி என்ற ஊரில் மரக்கன்று விற்கும் இடத்தில் வேலை. கொரியா நாட்டுப் பைன், எந்தக் குளிரையும் தாங்கும், தின்னக் கொட்டை தரும் என்று அங்கிருந்துதான் கொண்டுவந்தார்.

"எப்ப காய்க்கும் மாமா?"

"பதினைஞ்சு வருசம் செல்லும், பிள்ளை."

"பனங்கொட்டை போட்டாலும் அதுக்கு முதல் நுங்கு குடிச்சிடலாம்," என்று அப்பா சிரித்தார். எனக்கு எட்டு வயது. வாய் சும்மா கிடக்காது. "அதுவரைக்கும் நீங்கள் இங்கயே நிப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். நியாயமான கேள்விக்கு ஏன் கிள்ளு என்று எனக்கு ஒரே கோபம்.

மாமா கன்றை நிலத்தில் நடவில்லை. "நட்டு விடன், தம்பி," என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "பொறுங்கோ அக்கா," என்பார். இரண்டு வருடம் அது சாடியிலேயே நின்றது.

முதல் பனி விழுமுன் கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அம்மா அவ்வளவு பதறமாட்டார். பைன் மட்டும் வெளியில் விறைப்பதா? கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் விற்கும் காலத்தில் மாமா இரண்டு கிழமை விட்பியிலேயே தங்கியபோது, நான் அதை இழுத்து வந்து ஹீற்றர் அருகே, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "கெட்டிக்காரி," என்று மெச்சி, அம்மா அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றினார்.

மாமா திரும்பி வந்தபோது ஊசியிலைகள் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ பிள்ளை, இது குளிருக்கெண்டே பிறந்த மரம். சூடுதான் ஆகாது," என்றார். ஏசவில்லை. சில நாள் சூடில்லாத கார் கராஜில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குக் கொண்டுபோய், சாடியைச் சுற்றிப் பனியை அள்ளி அணைத்தார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். "செத்துப் போடுமோ?"

"தெரியாது பிள்ளை. பாத்துக்கொண்டு இருப்பம்."

பனி கரைந்தபின் கிளை நுனிகளில் மெழுகுதிரி போலக் குருத்து வந்தது. அதே கிழமை ஒரு கடிதமும் வந்தது. "கேஸ் சரிவந்திட்டுது!" என்று அம்மா குசினியில் அடுப்பருகே நின்று ஓவென்று அழுதார். மாமா மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போய்க் குழி வெட்டினார். மரம் சுகப்பட்டதற்குத்தான் இத்தனை அமர்க்களம் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன்.

கன்றை இறக்கி மண்ணை மிதித்தவர் என்னைப் பார்த்தார். "முந்தி என்னட்டை ஒண்டு கேட்டனி எல்லோ? அதை இப்ப கேள் பாப்பம்."

எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிற பிள்ளை நான். ஏதாவது கேட்டுவைப்போமே என்று, "கொட்டையை உப்புப் போட்டு வறுக்கலாமோ மாமா?" என்றேன்.

"ஓம் பிள்ளை. பதினைஞ்சு வருசத்தில நானே வறுத்துத் தாறன்."

கொட்டை வறுப்பதற்குப் போய் ஒரு பெரிய மனிதர் ஏன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.