பெரிய திரையில் ஒரு முழுப் படம்

சாய்வு நாற்காலியின் இடுக்கில் கையை விட்டுப் பாப்கார்னைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார் டார்ச். தியேட்டரில் அவருக்கு அதுதான் பெயர். இருட்டில் ஆட்களுக்கு இடம் காட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்டது; டார்ச் போய்த் துடைப்பம் வந்த பிறகும் பெயர் போகவில்லை. சுவர் முழுக்கத் திரை, கூரையிலிருந்தும் சத்தம், பொத்தானை அமுக்கினால் படுக்கையாகிவிடும் நாற்காலி. காசு கூடுதலாகக் கொடுத்து வருகிறவர்களுக்கான அந்த அரங்கைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு.

படத்தின் கடைசிக் காட்சி ஓடும்போதே துப்புரவு ஆட்கள் உள்ளே வந்து சுவரோரம் நின்றுவிட வேண்டும். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் வரிசைக்குள் இறங்க வேண்டும். அதனால் எந்தப் படத்தின் தொடக்கமும் அவருக்குத் தெரியாது; முடிவெல்லாம் அத்துப்படி. வீட்டில் மனைவி நேர் எதிர். பகல் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்துவிட்டு டிவி முன்னால் உட்காருவாள். பாதிப் படத்தில் கண் சொருகிவிடும். மிச்சத்தைக் காலையில் இவர் சொல்ல வேண்டும்.

"கடைசில அவன் என்ன ஆனான்?"

"செத்துட்டான்."

"அடப்பாவமே. நல்ல பையனாச்சே."

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்களேன். முதல்லேருந்து கடைசி வரைக்கும், நீங்களும் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

"அதே படந்தான். அங்க கால நீட்டிப் படுத்துக்கிட்டுப் பாக்கலாம், அவ்வளவுதான். அந்த சீட்டுல என்னென்ன கொட்டுதுன்னு எனக்குல்ல தெரியும்! ரெண்டு மாசம் பொறு, படம் தன்னால வீடு தேடி வரும்."

உண்மையில் அவருக்குக் கூச்சம். கையில் துடைப்பம் இல்லாமல் அந்த அரங்கில் எப்படி நடப்பது என்றே தெரியவில்லை. ஊழியருக்குக் கிடைக்கும் இலவச டிக்கெட்டுகளை மச்சினன் குடும்பத்துக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

பிறகுதான் அவள் ஊசியில் நூல் கோக்கத் திணற ஆரம்பித்தாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: பக்கப் பார்வை போய்விட்டது, அது திரும்பாது, நடுவில் மிச்சமிருப்பதும் சுருங்கிக்கொண்டே வரும், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மகள் பெரிய டிவியும் ஸ்பீக்கரும் வாங்கிவந்து மாட்டினாள். "தியேட்டர் திரை முழுசா அம்மா கண்ணுக்குத் தெரியாதுப்பா. தலையைத் திருப்பித் திருப்பியே கழுத்து போயிடும். டிவின்னா அடங்கும்."

"அடங்குறதையே எத்தனை நாள்டி பாக்கறது?" என்றாள் அம்மா.

அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை. விடுப்பு எடுத்து, பகல் காட்சிக்கு அழைத்துப் போனார்.

நாற்காலி மெல்ல எழும்பியபோது அவள் சின்னப் பெண்போலச் சிரித்தாள். "ஏங்க, கால் தன்னால மேல போகுது!"

"மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எனக்கென்ன தெரியவா போகுது?"

தொலைந்த மகளைத் தேடி அலையும் ஒரு லாரி டிரைவரின் கதை. இடி முதுகில் வந்து இறங்கியபோது அவள் அவர் கையைப் பிடித்தாள்; பிடித்தவள் விடவில்லை. திரையின் ஓரங்களில் நடப்பதை அவர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் கடைசியில் ஏன் அப்படி அழுகிறான் என்பது அவருக்கே அன்றுதான் புரிந்தது. இத்தனை வருஷம் இவளை இழுத்தடித்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. டிரைவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இந்த இடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண் திரையை விட்டுத் தரைக்குப் போயிற்று. முன்வரிசையில் யாரோ கோலாவைக் கவிழ்த்திருந்தார்கள். காய்ந்தால் பிசுக்கு விடாது. கையை எப்போது உருவிக்கொண்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

"அண்ணே, உங்களுக்கு இன்னிக்கு லீவுண்ணே!"

கூட வேலை செய்கிற பையன் சிரித்தபோதுதான் விழித்தார். இரண்டு வரிசை கீழே, கையில் காலிக் கோப்பைகளோடு நின்றிருந்தார். விளக்குகள் எரிந்தன. மேலே அவள் பக்கத்து நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கதவத் தொறந்தது யாருங்க? ஓரத்துல நின்னாங்களே, மகளா? ஏங்க?" காலி இருக்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க போயிட்டீங்க?"

அவர் ஓடிவந்து தோளைத் தொட்டதும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அவர் விரல்களின் பிசுபிசுப்பு அவள் கையில் பட்டது. அவள் அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கை பழகிப்போச்சும்மா. வேணும்னேவா எழுந்து போனேன்?"

"தெரியும்."

"மகதான் அது. தொறந்தது."

"சரி."

அவள் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அவர் எதிரிலேயே நின்றார்.

"அடுத்த மாசம் இன்னொரு பெரிய படம் வருதாம். போலாம். கடைசிப் பேரு ஓடி முடியற வரைக்கும் நான் அசைய மாட்டேன், சத்தியமா. போலாமா?"

அவள் எழுந்தாள். ஒரு கையில் காலி டம்ளர், மறு கை சுவர்மேல். அவரைச் சுற்றிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, சமையலறைக்குள் போனாள்.