நின்றிருந்த புளோயரின் அதிர்வு

கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெஷின்களின் அதிர்வைக் கவனிப்பது என் வேலை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சென்சார். திரையில் அதற்கொரு கோடு. கோடு துள்ளினால் அலாரம் அடிக்கும்.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வருடம் முழுக்கக் காது கிழிகிற இடம். அன்றைய அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. எளாவூர் பக்கம் போகும் லாரிகளின் ஹாரன்கூட அறைக்குள் கேட்டது.

எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். "மெஷினே ஓடல, இன்னாத்த பாத்துக்கினு கீற? பூஜைக்கு வாண்ணா."

அவன் போன கொஞ்ச நேரத்தில் அலாரம் அடித்தது. மூன்றாம் நம்பர் புளோயர். புகையை இழுக்கும் ராட்சத விசிறி. நின்றிருக்கும் மெஷினுக்கு ஏது அதிர்வு? ஒயர் லூஸ் என்று அலாரத்தை அமுக்கினேன். மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினேன். பழக்க தோஷம். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகுதான் கோட்டை உற்றுப் பார்த்தேன். மூன்று துள்ளல், ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன். அப்படியும் பயம் போகவில்லை. துள்ளல் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஷெட்டில் பூஜை மணி அடித்தார்கள். அந்த நொடியே கோடு நேராகப் படுத்துவிட்டது.

லூஸ் ஒயருக்கு மணிச்சத்தம் கேட்குமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீஞ்சூரிலிருந்து வரும் ஃபிட்டர், தூசி சுரண்ட அந்தப் புளோயருக்குள் இறங்கியதைக் காலையில் பார்த்திருந்தேன். பிறகு அந்தப் பக்கம் போனபோது அதன் இரும்புக் கதவு சாத்தித் தாழிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையோடு இருந்தது. மெஷின்களுக்குப் போகும் மெயினே ஆஃப்தானே என்று, உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லும் போர்டை யாரும் மாட்டவில்லை. தீபாராதனை முடிந்ததும் மெயினைப் போட்டு, முதலாளி ஒவ்வொரு மெஷினையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். முதலாளியின் விரல் பட்டன் பக்கத்தில் இருந்தது.

"கைய எடுங்க சார்! உள்ள ஆள் கீறான்!"

மாலையைப் பிய்த்தெறிந்து கதவைத் திறந்தோம். ஃபிட்டர் தவழ்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கரி. ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான்.

"தட்டிக்கினேதான இருந்த, ஏன்டா நிறுத்திட்ட?" எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மணி கேட்டுச்சுண்ணா. அட்த்தது பட்டன்தான்னு எனக்குத் தெரியாதா? ஸ்பானர கீழ வெச்சிட்டு, நானும் கும்ட்டுக்கினேன்."